டெக்சஸின் சின்னக் கவுன்டிகளில் திருமண லைசென்ஸ் வாங்குவதும் பழைய பதிவைத் தேடி எடுப்பதும்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நம் மாவட்டம் மாதிரியான கவுன்டிகள் 254 இருக்கின்றன. கல்யாணத்துக்கு முன் வாங்க வேண்டிய அனுமதியான திருமண லைசென்ஸை இவற்றில் எந்தக் கவுன்டியில் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியதை மாநிலத்தின் எந்த மூலையிலும் பயன்படுத்தலாம். டாலஸில் குடியிருந்துகொண்டு, ஆஸ்டினில் லைசென்ஸ் எடுத்து, ஹூஸ்டனுக்குத் தெற்கே பேர்லாந்து மீனாட்சி கோயிலில் தாலி கட்டினாலும் சட்டம் ஒன்றும் சொல்லாது. ஆனால் அந்தக் கல்யாணத்தின் பதிவு லைசென்ஸ் கொடுத்த கவுன்டியில்தான் நிரந்தரமாக இருக்கும். தாலி கட்டிய ஊரில் போய்க் கேட்டாலும் கிடைக்காது, குடியிருக்கும் ஊரில் கேட்டாலும் கிடைக்காது.

லைசென்ஸ் வாங்கப் போகிறவர்களும், யாரோ ஒருவருடைய பழைய திருமணப் பதிவைத் தேடுகிறவர்களும் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். பெரிய நகரங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே மேற்கு டெக்சஸின் புரூஸ்டர் கவுன்டியையும் அதன் அக்கம்பக்கத்தையும் வைத்துச் சொல்கிறேன். பரப்பில் மாநிலத்திலேயே பெரியது புரூஸ்டர், சுமார் 16,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடவில்லை. பிக் பெண்ட் தேசியப் பூங்கா இதற்குள்தான் வருகிறது. மலைப் பின்னணியில் கல்யாணம் வைக்க ஆசைப்பட்டு நம்மவர்களும் அந்தப் பக்கம் போகிறார்கள்.

எந்தக் கவுன்டியில் வாங்குவது?

கல்யாணம் பிக் பெண்டில் என்பதற்காக லைசென்ஸும் அங்கேயே வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்கள் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின்வாசி என்றால் உள்ளூர்க் கவுன்டியிலேயே வாங்கிக்கொண்டு போங்கள் என்பதுதான் என் யோசனை. பின்னாளில் கிரீன் கார்டுக்கோ பெயர் மாற்றத்துக்கோ இன்னொரு காப்பி வேண்டுமென்றால் பக்கத்திலேயே போய் வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலிருந்து எட்டு மணி நேரம் காரோட்டும் தூரத்தில் ஒரு அலுவலகத்தை ஆயுள் முழுக்க நம்பியிருக்க வேண்டியதில்லை.

சின்னக் கவுன்டியில் வாங்குவதற்கும் நல்ல காரணம் இருக்கிறது. அங்கே கூட்டம் இருக்காது. மாநகரக் கவுன்டிகள் பலவற்றில் முன்பதிவு செய்து, ஆன்லைனில் பாதி விண்ணப்பத்தை நிரப்பி, வரிசையிலும் நிற்க வேண்டியிருக்கும். சின்ன ஊரில் கவுண்டருக்கு நேராகப் போய்ப் பேசலாம். வேலை காரணமாக அல்பைனிலோ மார்ஃபாவிலோ ஃபோர்ட் டேவிஸிலோ குடியேறியவர்களுக்கு அதுவே உள்ளூர்க் கவுன்டி, வேறு கேள்வியே இல்லை.

புரூஸ்டரின் தலைநகரம் அல்பைன். பிரெசிடியோ கவுன்டிக்கு மார்ஃபா, ஜெஃப் டேவிஸ் கவுன்டிக்கு ஃபோர்ட் டேவிஸ். லைசென்ஸ் கொடுத்துப் பதிவையும் வைத்திருக்கும் கவுன்டி கிளார்க் அலுவலகம் தலைநகரத்தில் கோர்ட்ஹவுஸிலோ அதை ஒட்டியோ இருக்கும். பிக் பெண்டை ஒட்டிய டெர்லிங்குவாவில் தங்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அங்கிருந்து அல்பைன் ஏறக்குறைய 80 மைல். வழியில் போன் சிக்னலையும் அதிகம் நம்ப முடியாது.

கிளம்புமுன் ஒரு போன்

எட்டாயிரம் பேருக்குக் குறைவான கவுன்டிகளில் பொதுவாகக் கவுன்டி கிளார்க், மாவட்ட நீதிமன்றக் கோப்புகளைப் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் கிளார்க் என்ற இரண்டு பதவிகளையும் ஒரே ஆள்தான் பார்ப்பார். நிலப் பத்திரம், கோர்ட் வழக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, உங்கள் கல்யாணம் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். லவிங் கவுன்டியில் 2020 கணக்கெடுப்பின்படி மொத்தமே 64 பேர். அங்கேயும் ஒரு கிளார்க் உண்டு. இப்படிப்பட்ட அலுவலகங்களில் ஒருவர் லீவு போட்டால் பாதி வேலை நின்றுவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைச் சாத்துவார்கள். லைசென்ஸ் விண்ணப்பத்தை மட்டும் சாயங்காலம் நாலு, நாலரையோடு நிறுத்திவிடும் இடங்களும் உண்டு.

அதனால் இணையதளத்தைப் பார்த்ததோடு நிறுத்தாமல் போன் செய்யுங்கள். கட்டணம் எவ்வளவு, கார்டு எடுப்பீர்களா, அந்த வாரம் கவுன்டி விடுமுறை ஏதாவது வருகிறதா, கடைசி விண்ணப்பம் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமோ மணி ஆர்டரோ மட்டும் வாங்குகிற அலுவலகம் இன்றைக்கும் இருக்கிறது. கார்டு எடுத்தாலும் மேலே ஒரு சேவைக் கட்டணம் போடுவார்கள்.

லைசென்ஸுக்கு மாநிலச் சட்டம் வைத்திருக்கும் கட்டணம் 60 டாலர். அதன்மேல் ஆவணப் பராமரிப்பு, அது இது என்று கவுன்டியும் சேர்க்கும். மொத்தம் பெரும்பாலும் 70லிருந்து 90 டாலருக்குள் வரும். இருவருமே டெக்சஸுக்கு வெளியே வசிப்பவர்கள் என்றால் கூடுதலாக 100 டாலர் உண்டு. டுகெதர் இன் டெக்சஸ் என்று மாநில அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது, கல்யாணம் செய்யப்போகிறவர்களுக்கான, குறைந்தது எட்டு மணி நேர வகுப்பு. அதை முடித்து, ஒரு வருடத்துக்குள் அந்தச் சான்றிதழைக் காட்டினால் 60 டாலர் தள்ளுபடியாகும். 72 மணி நேரக் காத்திருப்பும் கிடையாது. அதைப் பற்றிக் கொஞ்சம் தள்ளி.

கவுண்டரில் என்ன நடக்கும்?

இருவரும் நேரில் போக வேண்டும். ஆளுக்கொரு நாள் தனித்தனியாகவும் போகலாம். ஆனால் கையெழுத்தைக் கிளார்க் முன்னால்தான் போட வேண்டும். வரமுடியாதவருக்காக நோட்டரி முன் எழுதிய உறுதிமொழிப் பத்திரத்தைக் கொண்டுபோகும் வழியும் உண்டு. அதைச் செய்யப்போகிறீர்கள் என்றால் படிவத்தை அந்தக் கவுன்டியிடமே கேட்டு வாங்குங்கள், வேறெங்கிருந்தோ இறக்கியதை நீட்டாதீர்கள்.

அடையாளத்துக்கு டிரைவிங் லைசென்ஸ் போதும். அது இல்லாதவர்களுக்குக் காலாவதியாகாத வெளிநாட்டுப் பாஸ்போர்ட் செல்லும். இந்தியப் பாஸ்போர்ட், இலங்கைப் பாஸ்போர்ட் எதுவானாலும் சரி. சோஷியல் செக்யூரிட்டி எண் படிவத்தில் கேட்கப்படும், "இருந்தால்" என்றுதான் சட்டம் சொல்கிறது. இன்னும் எண் வாங்காத, ஹெச்-4 என்ற துணைவர் விசாவில் இருப்பவருக்கோ புதிதாக வந்திறங்கியவருக்கோ அதனால் லைசென்ஸ் நிற்காது. குடியுரிமையோ டெக்சஸில் வசிப்பதோ நிபந்தனை கிடையாது. விசிட்டர் விசாவில் வந்தவர் இங்கே கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்க நினைப்பது வேறு விவகாரம். அதற்குக் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள், கிளார்க்கால் பதில் சொல்ல முடியாது.

இருவருக்கும் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் கட்டிவைக்கும் வழியை 2017இல் அடைத்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை கேட்பதில்லை. சாட்சி வேண்டுமா என்று நம் ஊர்ப் பதிவு அலுவலகத்தை மனத்தில் வைத்துப் பலரும் கேட்பார்கள். டெக்சஸில் சாட்சி தேவையில்லை. மாமா சித்தப்பாக்களை ஆதார் கார்டோடு கூட்டிக்கொண்டு போக வேண்டாம்.

படிவத்தில் பிறந்த ஊர், கவுன்டி, மாநிலம் என்று மூன்று கேட்பார்கள். கவுன்டி என்ற இடத்தில் மாவட்டத்தை எழுதுங்கள்: ஊர் அம்பாசமுத்திரம், கவுன்டி திருநெல்வேலி, மாநிலம் தமிழ்நாடு, இந்தியா. தேதியை அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து எழுத வேண்டும். ஜூலை 3இல் பிறந்தவர் பழக்கதோஷத்தில் 03/07 என்று எழுதினால் மார்ச் 7 ஆகிவிடும். பாஸ்போர்ட்டில் ஒன்று, கல்யாணச் சான்றில் இன்னொன்று என்றால் பின்னால் கேள்வி வரும்.

அப்புறம் பெயர். நம் பெயர்களைத் தட்டச்சு செய்வது அவர்களுக்குப் புதிது. அப்பா பெயர் கடைசிப் பெயராக வந்திருக்கும், இனிஷியல் விரிந்திருக்கும், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதித் தாருங்கள். கிளார்க் தட்டி முடித்ததும் அச்செடுக்குமுன் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார், அல்லது ஒரு மாதிரித் தாளைத் தருவார். அப்போது வெட்கப்படாமல் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படியுங்கள். 'தி' வருமிடத்தில் ஒரு ஹெச் விட்டுப்போயிருக்கும், இரட்டை எல் ஒற்றை எல் ஆகியிருக்கும். அப்போதே சொன்னால் அரை நிமிட வேலை. பதிவான பிறகு திருத்த வேண்டுமென்றால் உறுதிமொழிப் பத்திரம், நோட்டரி, மறுபடி கட்டணம் என்று நீளும். படிவம் சரியென்றால் வலது கையைத் தூக்கச் சொல்லி, சொன்னதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கிவிட்டுக் கையெழுத்து வாங்குவார்.

அந்தச் சத்தியத்தில் அடங்கியிருப்பதையும் கவனியுங்கள். இப்போது வேறு யாரோடும் திருமண பந்தத்தில் இல்லை. விவாகரத்து ஆகியிருந்தால் தீர்ப்பு வந்து 30 நாள் கடந்துவிட்டது. கோர்ட் உத்தரவிட்ட குழந்தைப் பராமரிப்புத் தொகையில் பாக்கி இல்லை. கடைசியாக, இருவரும் நெருங்கிய ரத்த உறவு இல்லை. நம்மவர்கள் தடுக்கி விழுவது இந்தக் கடைசிக் கேள்வியில்தான். அக்கா மகள், தாய்மாமன் உறவு இங்கே முடியாது என்பது பலருக்கும் தெரியும். அத்தை மகன், மாமன் மகளும் முடியாது என்பது தெரிவதில்லை. பெற்றோரின் உடன்பிறந்தவர் பிள்ளை என்றால் டெக்சஸில் லைசென்ஸ் கிடையாது, 2005இல் வந்த தடை இது. நம் வழக்கத்தில் அது உரிமையுள்ள முறை என்று கவுண்டரில் விளக்கிப் பயனில்லை. மறைத்துச் சத்தியம் செய்தால் அது தனிக் குற்றம். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் முறைப்பெண் முறைப்பையன் கல்யாணத்துக்குத் தடையில்லை. ஆனால் டெக்சஸில் குடித்தனம் நடத்தப்போகிறவர்கள் அங்கே போய்ச் செய்துகொண்டு வருமுன் ஒரு வக்கீலைக் கேட்டுவிடுவது நல்லது. இந்த மாநிலத்தின் குற்றவியல் சட்டமும் இந்த உறவைத் தொடுகிறது. தூரத்து முறை என்றால், அதாவது பெரியப்பா சின்னத்தாத்தா வழியில் ஒரு தலைமுறை தள்ளிப்போன உறவென்றால், பிரச்சினை இல்லை.

இந்தியாவில் ஏற்கெனவே கல்யாணமானவர்கள் "இங்கேயும் ஒரு சர்டிஃபிகேட் வாங்கி வைப்போமே" என்று கிளார்க்கிடம் போக வேண்டியதில்லை. அந்தக் கல்யாணம் இங்கேயும் செல்லும். ஊரில் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் ஊரில் பதிவு செய்வதுதான் வழி. இப்போது மணமாகவில்லை என்று இங்கே சத்தியம் செய்து புதிதாக ஒரு கல்யாணத் தேதியை உண்டாக்கினால், விசா விண்ணப்பங்களில் இரண்டு தேதிகள் வந்து மாட்டிக்கொள்வீர்கள்.

72 மணி நேரமும் முகூர்த்தமும்

லைசென்ஸ் கையில் கிடைத்த நிமிடத்திலிருந்து 72 மணி நேரத்துக்குக் கல்யாணம் நடத்தக் கூடாது. லைசென்ஸிலேயே தேதியோடு நேரமும் அச்சாகியிருக்கும். நாள் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள், மணிக் கணக்கு. சனிக்கிழமை காலை 9லிருந்து 10.30க்குள் முகூர்த்தம் என்று வையுங்கள். புதன்கிழமை காலை 11 மணிக்கு லைசென்ஸ் வாங்கினால் சனிக்கிழமை 11 மணிக்குத்தான் கெடு முடியும். நல்ல நேரம் போய்விடும். செவ்வாய்க்கிழமையே வாங்கிவிடுங்கள்.

மறுபக்கம் 90 நாள் எல்லை. அதற்குள் கல்யாணம் நடக்காவிட்டால் லைசென்ஸ் காலாவதி, மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், மறுபடி பணம். ஆறு மாதம் முன்பே வாங்கிப் பீரோவில் வைக்கிற சாமான் இல்லை இது. கல்யாணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் வாங்குவது வசதி.

வெளியூரிலிருந்து அல்பைனுக்கு வெள்ளிக்கிழமை காலை வந்து, லைசென்ஸ் எடுத்து, அன்றே ஜட்ஜ் முன்னால் கல்யாணம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதில்தான் சிக்குவார்கள். ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்குக் காத்திருப்பு இல்லை. மேலே சொன்ன வகுப்பை முடித்தவர்களுக்கும் இல்லை. தக்க காரணம் காட்டி நீதிபதியிடம் எழுத்தில் விலக்கு வாங்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் புரூஸ்டர், பிரெசிடியோ, ஜெஃப் டேவிஸ், கல்பர்சன், ஹட்ஸ்பத் என்ற ஐந்து கவுன்டிகளுக்கும் 394ஆவது மாவட்ட நீதிமன்றம் ஒன்றுதான். அந்த நீதிபதி நீங்கள் போகிற நாளில் எந்த ஊரில் உட்கார்ந்திருப்பார் என்று சொல்ல முடியாது. அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

தேசியப் பூங்காவுக்குள் கல்யாணம் நடத்தப் பூங்கா நிர்வாகத்திடம் தனி அனுமதியும் வாங்க வேண்டும். அதற்கும் கிளார்க்குக்கும் சம்பந்தமில்லை.

நடத்தி வைப்பது யார், திருப்பிக் கொடுப்பது யார்?

பாதிரியார், ரபி, நீதிபதிகள் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. கோயில் குருக்கள், மதநிறுவனம் ஒன்று அதிகாரம் கொடுத்த நிர்வாகி என்ற வகையில் வருவார். பெரிய கோயில்களில் இது அன்றாட வேலை, குருக்களுக்கே தெரியும். வெளியிலிருந்து தெரிந்த சாஸ்திரிகள் ஒருவரை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் கல்யாணம் நடத்துகிறவர்கள், அவருக்கு ஏதாவது ஒரு கோயிலோ மடமோ அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராமப்புறத்தில் எளிதாகக் கிடைப்பவர் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், சுருக்கமாக ஜேபி. அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும், நேரமும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். மரணத்தின் காரணத்தை ஆராயும் மெடிக்கல் எக்ஸாமினர் இல்லாத கவுன்டிகளில் திடீர் மரணம் நடந்தால் விசாரணைக்குப் போகிறவரும் இதே ஜேபிதான். நெடுஞ்சாலையில் விபத்து என்று போன் வந்தால் உங்கள் கல்யாணம் மதியத்துக்குத் தள்ளிப்போகும்.

சடங்கு முடிந்ததும் நடத்தி வைத்தவர் லைசென்ஸில் தேதியையும், கல்யாணம் எந்தக் கவுன்டியில் நடந்தது என்பதையும், தன் பெயரையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பேர்லாந்து மீனாட்சி கோயில் என்றால் அது பிரசோரியா கவுன்டி. ஹூஸ்டன்தானே என்று ஹாரிஸ் என்று எழுதிவிடக் கூடாது. பிறகு 30 நாளுக்குள் அந்தத் தாள் அதைக் கொடுத்த கவுன்டி கிளார்க்குக்குத் திரும்பிப் போக வேண்டும். சட்டப்படி திருப்பி அனுப்பும் பொறுப்பு நடத்தி வைத்தவருடையது. ஆனால் முகூர்த்த நாளில் குருக்களுக்கு அடுத்தடுத்து மூன்று கல்யாணம் இருக்கும். தாள் மஞ்சள் குங்குமக் கறையோடு தாம்பாளத்துக்கு அடியில் கிடக்கும். குடும்பத்தில் நிதானமான ஒருவரிடம், பெரும்பாலும் அது பெண்ணின் சித்தியாகத்தான் இருக்கும், அந்த உறையை ஒப்படைத்துவிடுங்கள். கையெழுத்தானதும் போட்டோ எடுத்துக்கொண்டு, கண்காணிப்பு எண்ணுள்ள தபாலில் அனுப்பச் சொல்லுங்கள், அல்லது நேரில் போய்க் கொடுக்கச் சொல்லுங்கள்.

கிளார்க் அதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு மூலத்தாளை விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்கு அனுப்பிவைப்பார். கல்யாணத்துக்குப் பின் வீடு மாறுகிறீர்களா? அப்படியானால் மாறாத முகவரி ஒன்றை விண்ணப்பத்திலேயே கொடுங்கள்.

காப்பி வாங்குவது

வீட்டுக்கு வந்த மூலத்தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே நீட்ட வேண்டியது சர்டிஃபைட் காப்பி, அதாவது கிளார்க் முத்திரையும் கையெழுத்தும் உள்ள நகல். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போதே இரண்டு மூன்று காப்பிகளுக்குப் பணம் கட்டிவிட்டால் தனியாக அலைய வேண்டாம். ஒன்று சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்கும் டிரைவிங் லைசென்ஸுக்கும். பெயர் மாற்றுகிறவர்கள் இந்த வரிசையிலேயே போக வேண்டும், முதலில் சோஷியல் செக்யூரிட்டி. இன்னொன்று கிரீன் கார்டு விண்ணப்பக் கோப்புக்கு. இந்தியாவில் பயன்படுத்தப்போகிற காப்பிக்கு அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் செல்லும்படி ஆவணத்தோடு இணைக்கும் சான்று, வேண்டும். அது ஆஸ்டினில் மாநிலச் செயலர் அலுவலகம் கொடுப்பது, ஒரு ஆவணத்துக்கு 15 டாலர். அதற்குப் புதிதாக எடுத்த சர்டிஃபைட் காப்பியையே அனுப்புங்கள்.

மாநிலச் சுகாதாரத் துறையும் 20 டாலருக்கு ஒரு திருமண உறுதிக் கடிதம் தருகிறது. 1966க்குப் பிந்தைய திருமணங்களுக்கு மட்டும். இன்ன பெயருள்ள இருவர் இன்ன தேதியில், இன்ன கவுன்டியில் என்று சொல்லும் கடிதம் அது. சர்டிஃபைட் காப்பிக்கு ஈடாகாது. விவரம் புரியாமல் அதை வாங்கி விசாக் கோப்பில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கவுன்டியில் பதிவு என்பதே மறந்துபோனவர்களுக்குத்தான் அந்தத் துறை உண்மையில் பயன்படும். 1966இலிருந்து மாநிலம் முழுமைக்குமான திருமண அட்டவணையை வருடவாரியாக அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அதில் கவுன்டியைக் கண்டுபிடித்து, அந்தக் கிளார்க்கிடம் கேளுங்கள்.

முன்னைய கல்யாணம் முடிந்ததற்கான ஆதாரம் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: விவாகரத்துத் தீர்ப்பு கவுன்டி கிளார்க்கிடம் இருக்காது, டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம் இருக்கும். முன்னே சொன்ன மாதிரி சின்னக் கவுன்டியில் இரண்டும் ஒரே ஆளாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பழைய பதிவுகள்

டெக்சஸில் திருமணப் பதிவு பொது ஆவணம். உறவினர் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காப்பி கேட்கலாம். மருமகன் வீட்டுப் பூர்வீகத்தை எழுத ஆசைப்படும் மாமனார்கூடக் கேட்கலாம்.

கவுன்டிகள் திருமணம் பதியத் தொடங்கியது டெக்சஸ் தனிக் குடியரசாக இருந்த 1837இல். அதற்கு முன் மெக்சிகோ ஆட்சியில் கத்தோலிக்கத் திருமணம் மட்டுமே செல்லும், பாதிரியாரோ வருடத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. அதனால் குடியேறிகள் பாதிரியார் வந்ததும் முறைப்படி கட்டிக்கொள்கிறோம் என்று பத்திரம் எழுதிவைத்துக் குடித்தனத்தைத் தொடங்கிவிட்டார்கள். 1837இல் குடியரசு அந்தக் கல்யாணங்களை எல்லாம் செல்லும் என்று அறிவித்தது. அடிமைகளாக இருந்தவர்களின் திருமணத்தைச் சட்டம் ஏற்காததால் விடுதலைக்கு முந்தைய கவுன்டிப் பதிவுகளில் அவர்களைப் பார்க்க முடியாது. விடுதலைக்குப் பிறகும் சில கவுன்டிகள் கறுப்பின மக்களுக்குத் தனிப் புத்தகம் வைத்திருந்தன. பொது அட்டவணையில் பெயர் இல்லையென்றால் அப்படி ஒரு புத்தகம் உண்டா என்று கேட்க வேண்டும்.

தேடுமுன் வரைபடத்தைப் பாருங்கள், ஆனால் இன்றைய வரைபடத்தை இல்லை. பிரெசிடியோ கவுன்டி 1850இல் உருவாகி 1875இல்தான் செயல்படத் தொடங்கியது. அப்போது அதன் தலைநகரம் ஃபோர்ட் டேவிஸ். 1885இல் தலைநகரம் மார்ஃபாவுக்கு மாறியது. 1887இல் அதை வெட்டிப் புரூஸ்டர், ஜெஃப் டேவிஸ், புக்கெல், ஃபோலி என்ற நான்கு கவுன்டிகளை உண்டாக்கினார்கள். புக்கெலும் ஃபோலியும் பத்து வருடம் பெயரளவில் இருந்துவிட்டு 1897இல் புரூஸ்டரோடு கலந்துவிட்டன. ஆக, 1880இல் ஃபோர்ட் டேவிஸில் நடந்த கல்யாணத்தை இன்றைய ஜெஃப் டேவிஸ் கவுன்டியில் தேடினால் கிடைக்காது. அந்த ஊர் அன்று பிரெசிடியோ, பிரெசிடியோவின் அலுவலகம் இன்று மார்ஃபாவில். மாரத்தான் பக்கத்துக் குடும்பம் 1890களில் புக்கெல் என்று எழுதியிருந்தால் அல்பைனுக்குப் போங்கள்.

வீட்டிலிருந்தே தொடங்க, குடும்ப வரலாறு தேடுவதற்கான ஃபேமிலிசர்ச் இணையதளம் நல்ல இடம். இலவசக் கணக்கு போதும். டெக்சஸ் கவுன்டித் திருமணப் பதிவுகள் 1837இலிருந்து ஏராளமாக அங்கே அட்டவணையாகவும் படங்களாகவும் கிடக்கின்றன. சில படங்கள் அவர்களுடைய மையத்துக்கு நேரில் போனால்தான் திறக்கும். அட்டவணையில் பெயர் கிடைத்ததோடு நிறுத்தாமல் படத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் மேல்பாதி லைசென்ஸ் கொடுத்த விவரம், கீழ்ப்பாதி கல்யாணம் நடத்தியவர் எழுதித் திருப்பியது. கீழ்ப்பாதி வெறுமையாக இருந்தால் லைசென்ஸ் வாங்கினார்கள் என்பதற்குத்தான் ஆதாரம், கல்யாணம் நடந்ததற்கு இல்லை. அட்டவணைகள் பெரும்பாலும் லைசென்ஸ் தேதியை எடுத்திருக்கும், குடும்பத்தார் சொல்வது கல்யாணத் தேதியாக இருக்கும். சில நாள் வித்தியாசத்தைப் பார்த்து வேறு ஆள் என்று தள்ளிவிடாதீர்கள்.

எல்லைப் பகுதியில் பெயர்கள்தான் பெரும்பாடு. ஸ்பானிஷ் வழக்கில் அப்பா வழிக் குடும்பப் பெயர், அம்மா வழிக் குடும்பப் பெயர் என்று இரண்டு வரும். ஆங்கிலக் கிளார்க் கடைசியில் இருப்பதை எடுத்துக்கொண்டு அம்மா பெயரில் பதிந்திருப்பார். காதால் கேட்டதை எழுதியதால் வியும் பியும் இடம் மாறியிருக்கும், ஜே வரவேண்டிய இடத்தில் ஹெச் இருக்கும். மாப்பிள்ளை பெயரில் கிடைக்காவிட்டால் பெண் பெயர் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு அட்டவணையும் வைத்திருப்பதே அதற்குத்தான்.

பழைய கவுன்டிப் பதிவில் பெற்றோர் பெயர் பொதுவாக இருக்காது என்பது பலருக்கு ஏமாற்றம் தரும். அதற்குத் தேவாலயப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். புரூஸ்டர், பிரெசிடியோ, ஜெஃப் டேவிஸ் மூன்றும் 1914இல் உருவான எல் பாசோ கத்தோலிக்க மறைமாவட்டத்துக்குள் வருகின்றன. சில குடும்பங்கள் ஆற்றைக் கடந்து மெக்சிகோவின் ஒஹினாகாவில் கல்யாணத்தை வைத்திருக்கும். மெக்சிகோவில் அரசுப் பதிவு முறை 1859இல் வந்துவிட்டது, அந்தப் பதிவுகளில் பெற்றோர் விவரமும் இருக்கும். அல்பைனில் சல் ராஸ் பல்கலைக்கழகத்தின் பிக் பெண்ட் ஆவணக் காப்பகத்தையும், பழைய உள்ளூர்ச் செய்தித்தாள்களுக்கு வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் நடத்தும் டெக்சஸ் வரலாற்றுத் தளத்தையும் ஒரு கை பார்க்கலாம். ஊர்ப் பத்திரிகையில் கல்யாணச் செய்தி என்றால் பெண் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள் என்பதுவரை எழுதியிருப்பார்கள்.

"கோர்ட்ஹவுஸ் எரிந்துவிட்டது, எல்லாம் போச்சு" என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். டெக்சஸில் எரிந்த கோர்ட்ஹவுஸ்கள் நிறைய. ஆனால் மேசன் கவுன்டியின் கோர்ட்ஹவுஸ் 2021 பிப்ரவரியில் தீக்கிரையானபோது, புதுப்பிக்கும் வேலைக்காக ஆவணங்களை முன்பே வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள், தப்பித்தன. எரிந்தது எந்த வருடம், எந்தப் புத்தகங்கள், மைக்ரோஃபில்ம் எடுத்திருந்தார்களா என்று கிளார்க்கிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் கிடைக்காததற்குத் தபால் எழுதலாம். இரண்டு பேரின் பெயரையும் உங்களுக்குத் தெரிந்த எல்லா ஸ்பெல்லிங்குகளோடும் கொடுங்கள். "1920கள்" என்று எழுதாமல் 1921 முதல் 1924 வரை என்று குறுக்குங்கள். பத்து வருடப் புத்தகத்தைப் புரட்ட ஒற்றை ஆள் அலுவலகத்துக்கு நேரமிருக்காது. தேடுதல் கட்டணம் எவ்வளவு என்று முதலில் போனில் கேட்டுக்கொண்டு கவுன்டி கிளார்க் பெயருக்குச் செக் வையுங்கள். உங்கள் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்றும் வையுங்கள். சுருக்கச் சான்று வேண்டாம், கல்யாணம் நடத்தியவர் கையெழுத்திட்ட பகுதியோடு முழுப் பக்கத்தின் காப்பி வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.